பைப் லேசரில் குட்டைத் துண்டுகளைச் சேர்த்து நெஸ்டிங்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பைப்பை லேசரால் வெட்டும் பைப் லேசர் மெஷினில் 100, 150 எம்எம் நீளத்துக்குக் குட்டைத் துண்டுகள் வந்தாலே வேலை தடுமாறும். வெட்டி முடித்ததும் துண்டு எங்கே விழும், எப்படி விழும் என்பது யார் கையிலும் இல்லை. இதற்காகத்தான் நெஸ்டிங் சாஃப்ட்வேரில் (எந்தத் துண்டைப் பைப்பில் எங்கே வெட்டுவது என்று அடுக்கித் தருவது) பல குட்டைகளை வரிசையாகக் கோத்து ஒரே நீளத் துண்டு போல மெஷினுக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கம்பைன், குரூப், மெர்ஜ் என்று சாஃப்ட்வேருக்குச் சாஃப்ட்வேர் பெயர் மாறும், செய்வது ஒன்றுதான். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ டிராயிங் போட்டுத் திருச்சி பக்கத்துத் துவாக்குடிக்கு ஜாப் வொர்க் அனுப்புகிறவராக இருந்தாலும் சரி, சொந்தமாக மெஷின் ஓட்டுகிறவராக இருந்தாலும் சரி, இந்த ஒரு பட்டனால் வரும் கோளாறுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணில் என்ன படுகிறதோ அதை வைத்துக் காரணத்தைத் தேடும்படி எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சேர்ப்பது, வெட்டிய துண்டை ஒழுங்காக வெளியே எடுப்பதற்காக. பைப்பை மிச்சம் பிடிப்பது நெஸ்டிங் கணக்கின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, டிராயிங் வந்தவுடனே குட்டைகளை எல்லாம் கட்டுக்கட்டாகக் கோத்துவிட்டு அப்புறம் நெஸ்டிங் போடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி அந்த வரிசையில் இருந்துதான் கிளம்புகிறது. முதலில் தனித்தனித் துண்டாக நெஸ்டிங் ஓட்டுங்கள், பிறகு ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த குட்டைகளை மட்டும் சேருங்கள்.

சேர்க்கச் சொன்னால் சேரவே இல்லை, அல்லது சிலது மட்டும் விட்டுப்போகிறது

இதற்கு முதல் சந்தேகம் பைப்பின் அளவு. நம் பக்கத்தில் "ஒன்றரை இன்ச் பைப்புதான் அண்ணே" என்று சொல்லி வேலை கொடுப்பார்கள். ஃபர்னிச்சர் வேலைக்கு ஒன்றரை இன்ச் என்றால் வெளி விட்டம் 38.1 எம்எம். தண்ணீர் லைன் போடுகிறவருக்கு ஒன்றரை இன்ச் என்றால் 40 என்பி (பெயரளவு உள் விட்டம்), அதன் வெளி விட்டம் 48.3. இரண்டு பைப்பும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி இருக்கும், இரண்டுக்கும் பெயர் ஒன்றரைதான். டிராயிங் போடுகிறவர் 38, 38.1, 48, 48.3 என்று கைக்கு வந்ததை அடித்துவிட, சாஃப்ட்வேர் நாலையும் நாலு வேறு பைப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். 0.1 வித்தியாசம் நமக்கு ஒன்றுமில்லை, அதற்கு அது வேறு செக்ஷன். வேறு செக்ஷனை ஒன்றோடொன்று கோக்காது. அதனால் பார்ட் லிஸ்டில் செக்ஷன் என்று இருக்கும் பகுதியைத் திறந்து, எல்லாத் துண்டுக்கும் ஒரே எண் காட்டுகிறதா என்று பாருங்கள். அரை இன்ச், கால் இன்ச் பேச்சே வேண்டாம், வெர்னியர் வைத்துப் பைப்பை அளந்து அந்த அளவையே போடுங்கள்.

சதுரப் பைப்பில் இன்னொரு இடம் உண்டு. 40க்கு 40, கனம் 2 என்று இரண்டு டிராயிங்கும் சொல்லும், ஆனால் ஒருவர் மூலையை வளைவாக வரைந்திருப்பார், இன்னொருவர் கத்தி போல நேர் மூலையாக விட்டிருப்பார். ஸ்டெப் ஃபைலாக (3டி டிராயிங் ஃபைல்) உள்ளே வரும்போது இதுவும் வேறு வேறு செக்ஷன் ஆகிவிடும். மூலை வளைவைப் பைப்பில் அளந்து, இரண்டு ஃபைலிலும் ஒன்றாக்கி, திரும்ப இம்போர்ட் செய்ய வேண்டும். நேர் மூலையாக விட்ட ஃபைலை அப்படியே வெட்டினால் மூலை திரும்பும்போது லேசர் ஹெட் உயரம் தவறி, வெட்டு அறுபடாமல் நிற்கும். அதனால் சேர்க்காவிட்டாலும் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

செக்ஷன் எல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால் இரண்டு வரம்பைப் பாருங்கள். எவ்வளவுக்குக் கீழே இருந்தால் குட்டை என்று எடுத்துக்கொள்ளும் என்பது ஒன்று, சேர்த்த மொத்த நீளம் எவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்பது இன்னொன்று. குட்டையின் எல்லை 100 என்று இருக்கும்போது உங்கள் துண்டு 105 இருந்தால் அது வெளியேதான் நிற்கும். மொத்த எல்லை 200 என்று இருந்தால் இரண்டு 105 சேராது. அடுத்து, முனை. நேராக வெட்டிய முனைகளுக்கு நடுவில் பொது வெட்டு, அதாவது ஒரே கோட்டில் வெட்டி இரண்டு துண்டையும் பிரிப்பது, நடக்கும். ஒரு துண்டின் 45 டிகிரி முனைக்கு எதிரே இன்னொன்றின் 45 டிகிரி முனை சரியாகத் திரும்பி வந்தால் அங்கேயும் நடக்கும். ஃபிஷ்மவுத், அதாவது இன்னொரு பைப் மேல் உட்காரும்படி குழிவாக, வெட்டிய முனைக்கும் நேர் முனைக்கும் நடுவில் பொதுக் கோடே கிடையாது, அங்கே இடைவெளி விட்டுத்தான் சேர்க்க முடியும். பொது வெட்டு கட்டாயம் என்று டிக் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சேர்த்த பிறகு பைப் கூடுதலாகக் கேட்கிறது

ஒரு கணக்கோடு பார்க்கலாம். குளத்துப் படித்துறைக்குக் கைப்பிடி வேலை, 40 என்பி பைப். நிற்கும் கால் ஒவ்வொன்றும் 1,330 எம்எம், சுவரில் பதிக்கும் குட்டை ஒவ்வொன்றும் 95 எம்எம். பைப் 6,000, பைப்பைப் பிடித்துச் சுற்றும் சக் இருக்கிற வால் பக்கத்தில் 200 வெட்ட முடியாது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 5,800. துண்டுக்குத் துண்டு இடைவெளி 2 எம்எம். நாலு கால் போட்டால் 5,328 போகும், மீதி 472. அதில் 95 எம்எம் குட்டை இடைவெளியோடு 97, நாலு உட்காரும், 388 போக மிஞ்சுவது 84. நல்ல நெஸ்டிங்.

இப்போது அதே குட்டைகளை முன்கூட்டியே ஐந்து ஐந்தாகப் பொது வெட்டில் கோத்தீர்கள் என்றால் ஒரு கட்டு 475 எம்எம், நடுவில் நாலு வெட்டுக்கு 0.2 வீதம் 0.8, ஆக 475.8. மீதி இருப்பதோ 472. கட்டு உள்ளே நுழையாது. நாலு குட்டை வந்திருக்க வேண்டிய இடம் முழுக்கக் காயலான் கடைக்குப் போகிறது. 40 பைப் வெட்டும் வேலை என்றால் 160 குட்டை அங்கேயே விட்டுப்போச்சு, அதற்குத் தனியாக 3 பைப் எடுக்க வேண்டும். 40 என்பி மீடியம் பைப் கனம் 3.2, மீட்டருக்கு ஏறத்தாழ 3.56 கிலோ, ஆக 18 மீட்டருக்கு 64 கிலோ. வெறும் ஐந்து என்ற எண்ணால் வந்த செலவு அது. அதே இடத்தில் நாலு நாலாகக் கோத்திருந்தால் 380.6, தாராளமாக உட்கார்ந்திருக்கும்.

நாலு என்பதும் இந்த வேலைக்குத்தான் பொருந்தும், அடுத்த வேலைக்கு மூன்று சரியாக இருக்கலாம், ஆறு சரியாக இருக்கலாம். அதனால்தான் எண்ணிக்கையைக் கையால் நிர்ணயிக்காதீர்கள் என்கிறேன். நெஸ்டிங் முடிந்த பிறகு சேர்க்கும் வசதி உங்கள் சாஃப்ட்வேரில் இருந்தால் அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். முன்னாடியே சேர்த்தால்தான் ஆகும் என்கிற சாஃப்ட்வேராக இருந்தால், குட்டைகளைச் சேர்க்காமல் ஒரு தடவை ஓட்டிப் பைப்புக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, அந்த மிச்சத்துக்குள் அடங்குகிற நீளத்தை மொத்த எல்லையாகக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. கொஞ்சம் குட்டையைச் சேர்க்காமல் தனியாக விட்டுவைப்பதும் நல்லது, சின்னச் சின்ன இடத்தை அடைக்க அதுதான் உதவும்.

சேர்த்தும் துண்டுகள் உருண்டு ஓடுகின்றன, கன்வேயரில் சிக்குகின்றன

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. சேர்த்த துண்டுகள் வெட்டி முடித்தபின்னும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றனவா, இல்லை திரையில் மட்டும் சேர்ந்திருக்கின்றனவா?

பொது வெட்டில் மைக்ரோ ஜாயின்ட், அதாவது வெட்டாமல் விடும் சின்னச் சின்ன ஒட்டு, விடாமல் சேர்த்தால், திரையில் அது 380 எம்எம் நீள ஒரே பார்ட். மெஷின் அந்த நீளத்தைப் பார்த்து நீளத் துண்டு வரப்போகிறது என்று தாங்கும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் 95, 95, 95 என்று ஒவ்வொன்றாக அறுந்து கைக்கும் சக்குக்கும் நடுவில் விழும். சேர்க்காமல் இருந்தபோது குட்டைக்கு என்று இருந்த சரிவுத் தட்டிலாவது விழுந்திருக்கும். ஆகவே ஜாயின்ட் இல்லாமல் சேர்த்தால் இறக்கும் முறையைக் குட்டைத் துண்டு முறையிலேயே வைக்க வேண்டும், தாங்கும் கை வேண்டாம். ஜாயின்ட் விட்டுச் சேர்த்தால் இறக்கும் நீளமாக மொத்த நீளத்தைக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மாறிக் கிடப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

குட்டையின் நீளம் பைப்பின் விட்டத்தைவிடக் குறைவாக இருந்தால் ஜாயின்ட் விடுவதையே சொல்வேன். அந்த மாதிரி வளையம் போன்ற துண்டு கடைசி இரண்டு எம்எம் அறுபடும்போதே சாய்ந்து ஹெட்டின் நுனியில் உள்ள நாசிலில் இடிக்கும், நாசிலைப் பிடிக்கும் செராமிக் உடைந்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி டிராக்டர் கேஜ் வீல் வேலை வரும்போது புஷ், ஸ்பேசர் என்று இந்த மாதிரி வளையங்கள்தான் நிறைய இருக்கும், அந்த நேரத்தில் ஒரு நாள் மெஷின் நின்றாலும் விவசாயிக்குச் சேறடிக்கிற நாள் தள்ளிப்போகும்.

ஜாயின்ட் எவ்வளவு? 2 எம்எம் கனத்தில் அரை எம்எம் அகலத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். கையால் வளைத்தால் உடைய வேண்டும், மெஷின் சுற்றும்போது உடையக்கூடாது. உருண்டைப் பைப்புக்குச் சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று. சதுரப் பைப்புக்கு எதிரெதிர் முகங்களின் நடுவில் ஒவ்வொன்று. மூலையில் வைக்காதீர்கள், மூலை வளையாது, உடைக்கிறேன் என்று துண்டே கோணும். வெல்டிங் தையல் மேலும் வைக்காதீர்கள், உள்பக்கம் தையல் திரண்டு இருக்கும், அங்கே கனம் கூடுதல் என்பதால் ஜாயின்ட் நினைத்ததைவிடப் பலமாகிவிடும்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரே கட்டில் ஒன்று உடைகிறது, ஒன்று உடையவில்லை என்றால் பைப்பைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே அடுக்கிய பைப், அதுவும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் கிடந்தது என்றால் துரு செதில் செதிலாக ஏறியிருக்கும். துரு மேல் லேசர் ஒரே சீராக வெட்டாது. செட்டிங்கை நோண்டுவதற்கு முன் ஒரு பைப்பைத் துணியும் பிரஷும் போட்டுத் தேய்த்துவிட்டு வெட்டிப் பாருங்கள்.

துண்டின் நீளம் கொஞ்சம் குறைகிறது

முதலில் பர்ரை, அதாவது வெட்டு விளிம்பில் ஒட்டிய பிசிரை, தேய்த்துவிட்டு அளங்கள். பர்ரோடு அளந்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது. பிறகு ஒரு கட்டில் உள்ள துண்டுகளை விழுந்த வரிசைப்படியே எண் போட்டு, எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் அளந்தால் போதாது, ஏனென்றால் குறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

ஓரத்தில் உள்ள முதல் துண்டும் கடைசித் துண்டும் 0.1 குறைந்து, நடுத் துண்டுகள் எல்லாம் 0.2 குறைந்தால் அது கெர்ஃப், வேறொன்றுமில்லை. லேசர் வெட்டும் கோட்டுக்கே ஒரு அகலம் இருக்கிறது. தனித் துண்டாக வெட்டும்போது சாஃப்ட்வேர் அந்த அகலத்தில் பாதியை வெளியே தள்ளி ஈடுகட்டிவிடும். பொது வெட்டில் ஒரே கோடு இரண்டு துண்டுக்கும் நடுவில் போவதால் தள்ள இடமில்லை, இரண்டு பக்கமும் பாதிப் பாதி தின்றுவிடும். ஓரத் துண்டுக்கு ஒரு முனை மட்டும் பொது வெட்டு என்பதால் குறை பாதி. சரிசெய்ய, சேர்க்கும் இடைவெளியைப் பூஜ்ஜியமாக விடாமல் கெர்ஃப் அளவையே கொடுங்கள். கெர்ஃப் எவ்வளவு என்று தெரிய, ஈடுகட்டுவதை அணைத்துவிட்டு 50 எம்எம் துண்டு ஒன்று வெட்டி அளங்கள். 49.8 வந்தால் கெர்ஃப் 0.2. கனமும் கேஸும் நாசிலும் மாறினால் இதுவும் மாறும், பைப் மாற்றும்போது திரும்பப் பார்க்க வேண்டும்.

ஓரம், நடு என்ற பேதமில்லாமல் எல்லாமே ஒரே அளவு குறைந்தால், பொது வெட்டைக் குறை சொல்ல வேண்டாம், கெர்ஃப் ஈடுகட்டும் எண்ணே தவறு. ஒன்றுக்கொன்று குறை ஏறிக்கொண்டே போனாலோ ஒழுங்கே இல்லாமல் கூடிக் குறைந்தாலோ நெஸ்டிங்கில் தேடாதீர்கள். சக் வழுக்குகிறதா, தாடை தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் பூசிய பைப்பைத் துடைக்காமல் ஏற்றியிருக்கிறார்களா என்று மெஷின் பக்கம் போங்கள்.

வெட்டு முகத்தில் ஒரு சின்னப் பள்ளம்

காரணம் லீட்-இன், அதாவது துளைத்த இடத்தில் இருந்து வெட்டுக் கோட்டுக்கு வரும் சின்ன வழி. தனித் துண்டில் லேசர் முதலில் கழிவுப் பக்கத்தில் துளைத்துவிட்டு அப்புறம் கோட்டுக்கு வரும். பொது வெட்டில் கழிவுப் பக்கம் என்று ஒன்று இல்லை, இரண்டு பக்கமும் நல்ல துண்டுதான். லீட்-இன் நீளத்தைப் பொதுக் கோட்டுக்கு மட்டும் பூஜ்ஜியமாக்கி, துளைப்பு கோட்டின் மேலேயே விழச் செய்யுங்கள். கனமான பைப்பில் அப்படியும் தழும்பு தெரிந்தால் பிறகு வெல்டிங்கில் மூடுகிற பக்கத்துக்கு ஆரம்பப் புள்ளியை நகர்த்துங்கள். பார்வைக்குத் தெரிகிற எஸ்எஸ் கைப்பிடி வேலைக்குப் பொது வெட்டே வேண்டாம், 2 எம்எம் இடைவெளி விட்டுச் சேருங்கள். அந்த வேலைக்கு முகம் சுத்தமாக இருப்பதுதான் முக்கியம்.

ஹெட் வெறும் காற்றில் வெட்டுகிறது, அல்லது துளை போடாமலே துண்டு விழுந்துவிடுகிறது

வெட்டும் வரிசை கலைந்திருக்கிறது. சேர்த்தவுடன் சில சாஃப்ட்வேர் கட்டு முழுவதையும் ஒரே பார்ட்டாக நினைத்து வரிசையைத் தானாக மாற்றிவிடும். முனை வெட்டுகள் முதலில் வந்து துளைகள் பின்னால் போனால் இதுதான் நடக்கும். வரிசை இருக்க வேண்டியது இப்படி: சக்கில் இருந்து தூரமாக இருக்கும் முனையில் ஆரம்பித்து, முதல் துண்டின் துளைகள், அதன் முனை வெட்டு, அடுத்த துண்டின் துளைகள், அதன் முனை வெட்டு என்று சக்கை நோக்கி வர வேண்டும். கட்டில் உள்ள எல்லாத் துளைகளையும் முதலில் போட்டுவிட்டு அப்புறம் முனைகளை வெட்டுவதும் முடியும், நீளம் குறைந்த கட்டில் அதனால் கெடுதல் இல்லை. சேர்த்த பிறகு ஒவ்வொரு தடவையும் சிமுலேஷனை மெதுவாக ஓட்டி முதல் கட்டையாவது கண்ணால் பாருங்கள்.

துளை வேறு பக்கத்தில் இருக்கிறது

சேர்க்கும்போது பிரதிபலிப்பை (மிரர்) அனுமதிக்கும் டிக் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இடப்பக்கத் துண்டு வலப்பக்கத் துண்டாகிவிடும், அதைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்ய முடியாது. தலைகீழாகத் திருப்பி வைப்பது வேறு விஷயம், அதை அனுமதிக்கலாம், 45 டிகிரி முனைகள் ஒன்றோடொன்று பொருந்த அதுதான் வழி. சதுரப் பைப்பைச் சுற்றித் திருப்ப அனுமதித்திருந்தால் துளை சரியாகவே வரும், வெல்டிங் தையல் மட்டும் துண்டுக்குத் துண்டு வேறு முகத்தில் தெரியும். தையல் எந்த முகத்தில் என்று வாடிக்கையாளர் பார்ப்பார் என்றால் அதையும் அணைத்துவிடுங்கள்.

கடைசிக் கட்டுக்கு வரும்போது அலாரம் அடித்து நின்றுவிடுகிறது

பைப்பை அளந்தீர்களா? கடையில் 20 அடி என்பார்கள், கணக்குப்படி 20 அடி 6,096 எம்எம், சாஃப்ட்வேரில் நீங்கள் போட்டிருப்பது 6,000, வண்டியில் வந்து இறங்கியது அதற்கும் குறைவாக இருக்கலாம், ஒரே பைப் கட்டிலேயே பைப்புக்குப் பைப் மாறும். ஒவ்வொரு பைப் கட்டிலும் இருப்பதிலேயே குட்டையான பைப்பை அளந்து அந்த நீளத்தைக் கொடுங்கள். நீளம் சரி என்றால் வால் அளவைப் பாருங்கள். ஹெட்டால் சக்கை எவ்வளவு நெருங்க முடியும் என்பது மெஷினுக்கு மெஷின் வேறு, பழைய மெஷினின் எண்ணைப் புது மெஷினுக்குக் காப்பி செய்துவிட்டால் கடைசிக் கட்டுதான் அடிபடும்.

மூன்று சக் உள்ள மெஷினில் முன்பக்கச் சக் பிடித்து இழுத்து வாலையும் வெட்டித் தீர்க்கும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். அங்கே கடைசித் துண்டு சக் பிடிக்கிற அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். 1,330 காலைக் கடைசியில் வையுங்கள், குட்டைகளை முன்னால் கொண்டுவாருங்கள். குட்டைகளே கடைசியில் வந்துதான் ஆக வேண்டும் என்றால் ஜாயின்ட் விட்டுச் சேர்த்த கட்டாக வர வேண்டும், வெறும் பொது வெட்டில் சேர்த்தது அங்கே நிற்காது.

எண்ணிக்கை இடிக்கிறது

47 குட்டை கேட்டார்கள், நாலு நாலாகச் சேர்த்ததில் 48 வருகிறது, ரிப்போர்ட்டிலோ 12 என்று இருக்கிறது. 12 என்பது கட்டுகளின் எண்ணிக்கை. ஒரு கட்டை மூன்றாக மாற்றிவிடுங்கள், அல்லது கூடுதல் ஒன்றை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் வொர்க்குக்கு வெளியே அனுப்பும்போது வெட்டுச் சீட்டில் கட்டு எத்தனை, ஒரு கட்டில் துண்டு எத்தனை, ஜாயின்ட் இருக்கிறதா, அதை அவர்கள் உடைத்துத் தர வேண்டுமா என்று நாலையும் எழுதிக் கொடுங்கள், ரேட் பேசும்போதே பேசி முடித்துவிடலாம்.